மோசடியைப் பிடிக்கும் ஏஐ: மகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. புள்ளியியல் கடைசி ஆண்டு படிக்கும் உங்கள் மகள், வங்கித் தேர்வு வேண்டாம், 'ஃபிராடு அனலிட்டிக்ஸ்' (தரவை ஏஐ கொண்டு அலசி மோசடியைக் கண்டுபிடிக்கும் வேலை) பக்கம் போகிறேன் என்கிறார். அது நிலைக்கிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலைக்கும். யுபிஐ-யில் பணம் நொடியில் கைமாறிவிடுகிறது. ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வழியில்லை. திருட்டுப் பணத்தைக் கடத்த உதவும் 'மியூல்' கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே 'மியூல்ஹன்டர்.ஏஐ' என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. (கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகளையும் குறிவைக்கிறார்கள்.)

ஆனால் பைத்தான் என்ற நிரல் மொழிச் சான்றிதழோடு நிறுத்திவிட வேண்டாம். தரவுகளைப் பகிரும் காகிள் (Kaggle) இணையதளத்தில் ஐரோப்பியர்களின் கிரெடிட் கார்டு தரவு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. 2,84,807 பரிவர்த்தனைகளில் மோசடி 492 மட்டுமே. 'எல்லாம் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கும் 99.8 சதவீதத் துல்லியம் வந்துவிடும்! அந்த எண்ணை ரெஸ்யூமேயில் போட்டுக்கொண்டு போனால் நேர்காணலில் நிற்க முடியாது. எத்தனை மோசடிகள் தப்பின, தவறே செய்யாத எத்தனை பேரின் பணம் நின்றது என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். மருத்துவமனை கவுன்டரில் நிற்பவரின் கணக்கு முடங்கினால், 'சிஸ்டம் சொன்னது' என்பது பதிலாகாது. கடன்தாரரின் கணக்கை மோசடி என்று அறிவிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த ரிசர்வ் வங்கி விதிகள், பதில் சொல்ல 21 நாளாவது தரச் சொல்கின்றன. ஐஐடி பாம்பே பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையிலான குழு ரிசர்வ் வங்கிக்கு 2025-இல் தந்த அறிக்கையும், ஏஐ எடுக்கும் முடிவுக்குக் காரணம் விளங்க வேண்டும், பொறுப்பை நிறுவனம் ஏற்க வேண்டும் என்கிறது. இதெல்லாம் தெரிந்த புள்ளியியல் மாணவர்கள் குறைவு. உங்கள் மகள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டால் அதுவே அவருக்குப் பலம்.

மேற்படிப்புக்கு எம்.எஸ்சி. புள்ளியியல் போதும், தரவு அறிவியல்தான் வேண்டுமென்றால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் நல்ல இடம். வங்கித் தேர்வையும் ஒதுக்க வேண்டாம். கிளையில் இரண்டு வருடம் இருந்தவருக்கு வாடிக்கையாளர் எப்படி ஏமாறுகிறார் என்பது கண்கூடாகத் தெரியும்.

இப்போதைக்கு ஒரு பயிற்சி. கார்டு தரவின் அட்டவணையில் பெரும்பாலான பத்திகள் (column) எதைக் குறிக்கின்றன என்பது மறைக்கப்பட்டிருக்கிறது, காரணம் சொல்லிப் பழக அது உதவாது. 'பேசிம்' (PaySim) என்ற, கணினியில் உருவாக்கிய மொபைல் பணப் பரிமாற்றத் தரவில் தொகை, இருப்பு எல்லாம் வெளிப்படையாக இருக்கும். அதில் நிரல் பிடித்த பத்துப் பரிவர்த்தனைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏன் சந்தேகம் வந்தது என்று உங்களிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் விடாமல் கேளுங்கள்.