சிமுலேற்றரில் நான்கு மாதம்: ஹெலியை எப்போது வெளியே எடுப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். நான்கு மாதமாகக் கணினியில் சிமுலேற்றர் (பறக்கவிடப் பழகும் மென்பொருள்) போட்டு, றிமோட்டில் பறக்கும் மாதிரி ஹெலிகொப்டர் பழகுகிறேன். தலைகீழாகக்கூட நிறுத்த வருகிறது. வாங்கிய 450 அளவு ஹெலி இன்னும் பெட்டிக்குள்தான். எப்போது, எங்கே பறக்கவிடலாம்?

தம்பி, தலைகீழை இப்போதைக்கு விடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். சிமுலேற்றரில் காற்றை ஓடவிட்டு, மூக்கு உங்களைப் பார்த்தபடி ஹெலியை ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்துவீர்களா? ஒரு நாள் வாய்த்துப்போனது கணக்கில்லை, மூன்று நாள் தொடர்ந்து வரவேண்டும். வால் உங்கள் பக்கம் இருக்கும்வரை எல்லாம் சுகம். காற்று ஒரு தள்ளுத் தள்ளி மூக்கு உங்கள் பக்கம் திரும்பினால் இடம் வலமாகும், முன் பின்னாகும். அப்போது யோசிக்க நேரம் கிடையாது. விரல் தானாகப் போகவேண்டும்.

அந்த விரலைப் பழக்குவது சிமுலேற்றர்தான். கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்துவிடுகிறது: விழப்போகிறது என்றதும் விரல் ரீசெற் பொத்தானைத் தேடும். வயலில் அது போகவேண்டிய இடம், மோட்டரை நிறுத்தும் த்ரொட்டில் ஹோல்ட் சுவிச். 450 இன் றொட்டர் (மேலே சுழலும் இறக்கைகள்) விட்டம் ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் இறக்கை நுனி மணிக்கு 370 கிலோமீற்றர் வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. மோட்டர் ஓட ஓட நிலத்தில் அடித்தால், இறக்கையோடு முடிந்திருக்கக்கூடிய செலவு பல்சக்கரம், தண்டு, இறக்கையின் சாய்வை மாற்றும் சேர்வோ மோட்டர் வரை போகும். பக்கத்தில் ஆள் நின்றால் செலவுக் கதை பேச இடமே இல்லை. ஆகவே இன்றிலிருந்து சிமுலேற்றரில் விழும் ஒவ்வொரு முறையும் முதலில் ஹோல்ட், அப்புறம்தான் ரீசெற். வயலுக்குக் கொண்டுபோகப்போகும் அதே றிமோட்டையே கணினிக்கும் செருகுங்கள்.

இன்னொன்று. சிமுலேற்றருக்குள் இருக்கும் ஹெலி எப்போதும் சரியாகப் பூட்டப்பட்டே இருக்கும். உங்களுடையது அப்படி என்று நம்பக்கூடாது. மோட்டருக்குப் போகும் மூன்று வயரையும் கழற்றிவிட்டுப் பற்றரியைக் கொடுங்கள். ஹெலியைக் கையில் பிடித்து மூக்கைக் கீழே சாயுங்கள். றொட்டருக்குக் கீழே தண்டைச் சுற்றி இருக்கும் சுவாஷ் தட்டு பின்பக்கம் சாய்ந்து, நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்கப் பார்க்கவேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் அது வலப்பக்கம் சாயவேண்டும். நீங்கள் சாய்க்கும் பக்கமே அதுவும் சாய்ந்தால், சாய்வை உணர்ந்து திருத்தும் ஜைரோ மாறிக் கிடக்கிறது. அந்த ஹெலி எழும்பிய உடனே புரளும், எவ்வளவு கைதேர்ந்தவராலும் பிடிக்க முடியாது. வாலையும் இப்படித் திருப்பிப் பாருங்கள்.

முதல் நாள் வால் உங்கள் பக்கம், சும்மா நிறுத்துவது மட்டும். நான்கு மூலையிலும் பந்து வைத்த பயிற்சிக் காலைக் கட்டி, பத்து எட்டு வைத்துப் பின்னால் போய் நில்லுங்கள். நான் ஆரம்பத்தில் முழங்கால் உயரம்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். அது பிழை. றொட்டர் தள்ளும் காற்று நிலத்தில் பட்டுக் குழம்பி, ஹெலியை எண்ணெய்த் தரையில் வைத்ததுபோல் வழுக்கவிடும். ஒன்றரை மீற்றருக்கு ஏற்றினால் அமைதியாக நிற்கும். பற்றரியின் கொள்ளளவில் 80 வீதத்துக்கு மேல் எடுக்காதீர்கள். றிமோட்டில் நான்கு நிமிடத்துக்கு மணி வையுங்கள். கை நடுங்கினால் அதற்கு முன்பே இறக்குங்கள்.

இடத்துக்கு என்றால், பெரும்போகம் வெட்டி முடிந்த வயல் நல்லது. அரிதாளில் கால் சிக்கும், ஒரு பலகை போட்டு அதிலிருந்து எழுப்புங்கள். சோளகம் வீசும் மாதங்களில் விடிய ஆறு மணிக்கே போய் எட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கமே வேண்டாம். 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடத் தடை வந்தது நினைவிருக்கும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் இப்போதைய விதியைக் கேட்டு, அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டே வெளிக்கிடுங்கள். பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லிவையுங்கள்.

ஹெலி காட்டுக்கரையில் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடவேண்டாம். முகமாலைப் பக்கம் மட்டும் இல்லை, வன்னியில் கண்ணிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் போனது போனதுதான். பலகை இல்லாவிட்டாலும், ஊரார் நடக்காத பற்றைக்குள் கால் வைக்காதீர்கள்.

அப்புறம், அயல் வீடுகள். போர் நேரம் வானத்தில் வண்டு (ஆளில்லா வேவு விமானம்) இரைந்த காலத்தைப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேல் திடீரென்று இரைச்சல் கேட்டால் ஒரு அம்மம்மாவுக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பறக்கவிடுவதற்கு முதல் நாளே ஹெலியைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை மணிக்குச் சத்தம் வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்லுங்கள். யாராவது வேண்டாம் என்றால் வேறு வயல் பாருங்கள்.