மூஞ்சில கை வைக்காத தம்பி

"அண்ணா வணக்கம். நாலு வருஷமா காசிமேட்டுல போட்டோ எடுக்கறேன். இப்ப சொந்தமா போர்ட்ஃபோலியோ சைட் ஒண்ணு போடப்போறேன். படத்த என்ன சைஸ்ல ஏத்தணும்? 72 டிபிஐ-யா 300-ஆ? வாட்டர்மார்க் போடணுமா? 140 படம் லிங்க்ல வெச்சிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க."

தம்பி,

140-ம் பாத்தேன், ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு. உன் கேள்விய மொதல்ல முடிச்சிடறேன். நீள பக்கம் 2048 பிக்சல் போதும், கலருக்கு எஸ்ஆர்ஜிபி (எல்லா ஸ்க்ரீன்லயும் பொதுவா ஒத்துப்போற கலர் செட்டிங்), ஜேபெக் குவாலிட்டி 80 கிட்ட, சைஸ் குறைச்சதுக்கு அப்புறம் ஷார்ப்பன் பண்ணு. டிபிஐ-ன்னா ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளின்னு கணக்கு, அது பிரிண்டுக்கு, ஸ்க்ரீனுக்கு பிக்சல் மட்டும்தான் கணக்கு. வாட்டர்மார்க் உன் இஷ்டம். செல்போன்ல எடுத்ததுல லொக்கேஷன் ஒட்டிக்கினு இருக்கும், அத எடுத்துட்டு ஏத்து, அது அடுத்தவங்க வீடு.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன். எடிட் பண்றப்ப கோடு, சுருக்கமெல்லாம் தூக்கலா காட்டுமே, அந்த கிளாரிட்டி ஸ்லைடர யாருப்பா உன் கைல குடுத்தது? கருவாடு காய வைக்கற ஆயா படத்துல ஆயா எது கருவாடு எதுன்னு தெரியல! போட்டெல்லாம் வரிசையா நிக்கற படம், அது மீன்பிடி தடைக்காலம்தானே, ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அப்பதான போட்ட ரிப்பேர் பாத்து புது பெயிண்ட் அடிப்பாங்க, நீ அத பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டு சுடுகாடு மாதிரி ஆக்கி வெச்சிருக்க. ஞாயித்துக்கிழமை கேமராவ மாட்டிக்கினு வந்து போறவங்க அப்படித்தான் எடுப்பாங்க, வடசென்னைன்னா இருட்டா இருக்கணும் அவங்களுக்கு. நீ அங்கயே பொறந்தவன், உனக்கு இன்னா வந்துச்சு?

எங்கம்மா ராயபுரத்துல மீன் வித்தவங்க. இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, சின்ன வயசுல ஐஸ் பொட்டி மூடி பட்டது. நான் எட்டாவது படிக்கறப்ப ஒரு ஸ்டூடியோவுக்கு கூட்டினு போய் போட்டோ எடுத்தோம். டச்சப்காரர் நெகட்டிவ கண்ணாடி மேல வெச்சு, அடியில லைட்ட போட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால புள்ளி புள்ளியா வெச்சிக்கினு இருந்தாரு. நெகட்டிவ்ல கரி ஏறுன எடம் பிரிண்ட்ல வெளுப்பா வரும், அதான் வித்தை. நான் வாய பொளந்துக்கினு பாத்தேன். படம் வந்தப்ப அம்மா வெள்ளையா இருந்தாங்க, தழும்ப காணோம், எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அம்மா போனப்புறம் மாலை போடறதுக்கு அந்த ஒரு படம்தான் வீட்ல இருந்துச்சு. பெரியம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "யாருடா இது, அவ மாதிரியே இல்லியே"ன்னாங்க.

டச்சப்காரர் மேல எனக்கு கோவம் இல்ல, காசு குடுத்த நாங்கதான் வெள்ளையா கேட்டோம். உங்கிட்ட கறுப்பா கேட்டது யாரு? அந்த ஆயா கேட்டாங்களா?

திட்டறேன்னு சைட் போடாம விட்டுடாத. கண்ணு இருக்கு உனக்கு, ஐஸ் ஒடைக்கற பையன் படம் ஒண்ணு போதும் அதுக்கு. 140-அ இருபதா குறை. ஆயா படத்தோட ராவ் ஃபைல், அதான் எடிட் பண்றதுக்கு முன்னாடி கேமரால பதிஞ்ச ஒரிஜினல், இருந்தா எனக்கு அனுப்பு. அவங்க நெத்தில ஏதோ இருக்கற மாதிரி தெரியுது, நீ ஏத்தி வெச்சிருக்கற கிளாரிட்டில அது சுருக்கமா தழும்பான்னு கண்டுபிடிக்க முடியல.