நதியுண்ணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து இரண்டு நாள் அம்பாசமுத்திரம் போய் வந்தேன். பொதிகை மலை, தாமிரபரணி, கண்ணுக்கு எட்டிய வரை வயல். இயற்கை கொட்டிக் கொடுத்த ஊர். ஆனால் ஒரு கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. வரலாறு எட்டிப் பார்க்காத இடமோ என்று தோன்றியது. மறுபடி குடும்பத்தோடு போக எண்ணம். எந்த மாதம் நல்லது? பாவநாசத்தில் ஆற்றில் கிடக்கும் துணிகளைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

துணி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப் போவது பாவம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

‘இயற்கை கொட்டிக் கொடுத்த ஊர்’ என்ற வரிதான் என்னை உறங்கவிடவில்லை. சில நாட்களாகவே தாத்தாவின் மண்வெட்டி நினைவில் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

மலை இயற்கை, ஆறு இயற்கை. நீங்கள் படம் எடுத்த பச்சை இயற்கை அல்ல. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் கிடக்கிறது. தண்ணீர் தானாக ஏறி வருமா? தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் மூன்றும் அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. நதியுண்ணி! ஒரு கல் சுவருக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களின் ஊரில் நின்றுகொண்டு வரலாறு எங்கே என்று கேட்கிறீர்கள்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் பசுவின் பின்னால் நடந்தாராம். அது போன வழியெல்லாம் கால்வாய் வெட்டினார், படுத்த இடமெல்லாம் குளம் தோண்டினார். மாடு வீணாக மேடு ஏறாது. மட்டம் பார்த்துச் சரிவு கண்ட வித்தையைத்தான் கதை அப்படிச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

என் தாத்தாவுக்கு அரை ஏக்கர் சொந்தம், மீதி பாட்டம், அதாவது குத்தகை. வயல்களுக்கு முறை வைத்து விடும் தண்ணீர் எங்களுக்கு நள்ளிரவில் வரும். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். “ஒறங்கிராதலே, தண்ணி திரும்பிரும்” என்பார். தண்ணீர் திரும்பினால் மேல்வயல்காரரோடு சண்டை, அடுத்த முறைவரை பயிர் காயும். விடியும்போது அவர் பாதம் வெளுத்து ஊறிப் போயிருக்கும். அந்தப் பாதத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பச்சையை இயற்கையின் கொடை என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

கோட்டை வேண்டும் என்கிறீர்கள். அம்பை எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் உள்ள கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டு. அம்பைக்கு அப்போது இளங்கோக்குடி என்று பெயர். பாண்டியன் வரகுணன் கோயில் வழிபாட்டுக்காக ஊர்ச்சபையிடம் 290 காசு கொடுக்கிறான். அந்த முதல் பணம் அப்படியே இருக்க வேண்டும். வட்டியாக, காசுக்கு 2 கலம் (கலம் அன்றைய நெல் அளவை) வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் சபை அளக்க வேண்டும். மன்னன் நம்பியது எதை? இந்த வயல் வருஷம் தவறாமல் விளையும் என்பதை. கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் ‘பொலி’. எங்கள் களத்தில் நெல்லைத் தூற்றும்போது தாத்தா கூவியதும் அதே சொல்தான்: “பொலியோ பொலி!” கல்வெட்டில் அந்தச் சொல்லை முதன்முதலாகப் படித்த அன்று நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள். ஆனிக் கடைசியில் போங்கள், முதல் போகமான கார் நெல் நடவு நடக்கும். தவறினால் ஐப்பசி, அடுத்த போகமான பிசானத்தின் நடவுக்கு. மடையில் மண்வெட்டியோடு யாராவது நின்றால் படம் எடுப்பதற்கு முன், “பாவநாசம் அணை எத்தனை அடி?” என்று நீர்மட்டத்தைக் கேளுங்கள். நிறைந்தால் 143. அன்றைய கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.