வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மகளை இயற்பியல் படிக்க விடுங்கள்

ஐயா, மகள் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். உறவினர்கள் கணினிப் பொறியியல் தவிர வேறெதற்கும் சோறு கிடைக்காது என்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். பதினெட்டு வயதுப் பெண் விரும்பாத படிப்புக்குக் குடும்பமே கடன்பட்டால், பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையையும் அவள் இழக்கிறாள்.

வழக்கமான படிப்புகளைப் பற்றிச் சொல்லச் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றை, லேசரால் குளிர்விக்கப்பட்ட பிளாஸ்மாவை ஆராயும் துறையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய குறுந்தட்டுக் கருவியைப் பிரித்து அதன் லேசரைக் குடைந்துகொண்டிருக்கிறாள் என்று குறையாக எழுதினீர்களே, அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருவதே அணுக்கரு இணைவு. அதில் எரிபொருள் கோடிக்கணக்கான டிகிரியில் பிளாஸ்மாவாக, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவாகக் கொதிக்கிறது. அதனுள் நடப்பதை நுணுக்கமாக அளப்பது மிகக் கடினம். ஆகவே சில ஆய்வாளர்கள் நேரெதிராகக் குளிரிலிருந்து தொடங்கினார்கள். வெற்றிட அறையில் ஸ்ட்ரான்சியம் போன்ற அணுக்களை எல்லாத் திசையிலிருந்தும் லேசர் ஒளியால் தள்ளி வேகத்தைக் குறைத்து, காந்தப்புலத்தின் உதவியோடு பிடித்துவைக்கிறார்கள். பிறகு இன்னொரு லேசரால் எலக்ட்ரான்களைப் பிரித்தால் குளிர்ந்த பிளாஸ்மா. 1999இல் அமெரிக்காவில் செனான் அணுக்களைக் கொண்டு முதலில் இதைச் செய்தார்கள். 2019இல் அங்கேயே ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் டாம் கில்லியனின் குழு பிளாஸ்மாவின் அயனிகளையே, அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்களையே லேசரால் குளிர்வித்து, 0.05 கெல்வின் வரை, ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்கு இறக்கியது.

இதனால் மின்சாரம் கிடைக்காது. ஆனால் அடர்த்தி மிகக் குறைவு என்பதால் மாற்றங்கள் நிதானமாக, மைக்ரோநொடிக் கணக்கில் நடக்கின்றன, படமெடுக்க முடிகிறது. இங்கே அயனிகளின் வெப்ப ஆற்றலைவிட அவற்றுக்கிடையிலான மின்விசையின் ஆற்றலே மேலோங்குகிறது. இணைவை உண்டாக்க லேசரால் நசுக்கப்படும் எரிபொருளிலும் இந்த விசையைப் புறக்கணிக்க முடியாது. துகள்களும் வெப்பமும் அதில் எப்படிப் பரவும் என்ற கணக்குகளை இங்கே சோதித்துப் பார்க்கலாம்.

இந்த ஆய்வில் சேர்ந்தால் லேசர் அதிர்வெண்ணை நிலைநிறுத்துவது, வெற்றிடக் கருவி, மின்னணுச் சுற்று, நிரல் எழுதுவது என எல்லாம் கைக்கு வரும். அணுக்கடிகாரம், குவாண்டம் கணினி, சில்லுத் தயாரிப்பு ஆகிய துறைகளுக்கும் இந்தக் கைத்திறன் வேண்டும்.

ஆனால் பாதை நீளம். முனைவர் பட்டம் வரை பத்து ஆண்டுகள் ஆகலாம். இளநிலைக்குக் கட்டணம் குறைந்த நல்ல கல்லூரி போதும். முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை தரும் இடத்தில் மட்டுமே சேர வேண்டும். கைப்பணம் கட்டிச் சேரவே கூடாது. அவளுக்குக் கணிதம் கசந்தால் நானே வேண்டாம் என்பேன்.

அடுத்த முறை மகளை அழைத்து வாருங்கள். மீதியை அவளிடம்தான் பேச வேண்டும்.