வாசகர் கேள்வி: பாலைநிலப் பாதையில் பத்து நாள்

கேள்வி: செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியைப் பத்து நாள்கள் காரில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். சாக்கோ, மெசா வெர்டே, மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன், சயான் என்று பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். உடன் வரும் என் தந்தைக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. இத்திட்டம் சரிப்படுமா?

பதில்: மாதத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். ஜூலையில் தொடங்கும் இடிமழையும் அதனால் வறண்ட ஓடைகளில் திடீரெனப் பாயும் வெள்ளமும் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனால் பன்னிரண்டு இடங்கள் என்றால் பாதி நாள் காருக்குள்ளேயே கழிந்துவிடும் என்பதால், பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். கிராண்ட் கேன்யனையும் சயானையும் வேறொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, நியூ மெக்சிகோவிலுள்ள அல்புகர்க்கி நகரில் புறப்பட்டு, அமெரிக்கப் பழங்குடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர் கட்டிய பழங்கட்டடங்கள் உள்ள சாக்கோ, மெசா வெர்டே, ஹோவன்வீப் ஆகியவற்றோடு மானுமென்ட் வேலி, கேன்யன் டி ஷே, கல்மரங்கள் நிறைந்த பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் ஆகிய ஆறையும் சுற்றி, புறப்பட்ட ஊருக்கே திரும்புங்கள்.

சாக்கோவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்தபின் கடைசி 13 மைல் மண்பாதை; மழை பெய்திருந்தால் அன்று போக வேண்டாம். உள்ளே பெட்ரோலும் உணவும் கிடைக்காது என்பதால் டேங்கை நிரப்பிக்கொண்டு, சாப்பாட்டோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள பியூப்லோ போனிட்டோ 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி 12ஆம் நூற்றாண்டு வரை படிப்படியாகக் கட்டப்பட்ட, அறுநூறுக்கும் மேற்பட்ட அறைகளைக் கொண்ட மாபெரும் கட்டடம். சக்கரமோ பாரம் இழுக்கும் விலங்கோ இல்லாத அம்முன்னோர், கூரைக்கான மரங்களைச் சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து சுமந்தே கொண்டுவந்தார்கள். சுவரைத் தொடாமல், அருகில் நின்று பாருங்கள். விரல் பருமனே உள்ள தட்டைக் கற்களை வரிவரியாக அடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நேர்த்தியான கல்முகப்பின் மேல் மண்சாந்து பூசி மறைத்தும் இருந்தார்கள் என்று அறிந்தபோது, நான் அந்தச் சுவரைவிட்டு நகர மனமில்லாமல் வெகுநேரம் நின்றேன்.

மெசா வெர்டே சுமார் 7,000 அடி உயரத்தில் இருப்பதால் தந்தைக்கு மூச்சு வாங்கலாம், நிதானமாக நடக்கட்டும். அங்கே செங்குத்துப் பாறையின் குடைவில் கட்டப்பட்ட கிளிஃப் பேலஸுக்குள் செல்ல, பூங்காக் காவலரான ரேஞ்சர் உடன்வரும் சுற்றுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஏணிகளிலும் ஏற வேண்டியிருக்கும். அதேபோன்ற பால்கனி ஹவுஸ் இன்னும் கடினம்: 32 அடி ஏணி, பிறகு தவழ்ந்தே கடக்க வேண்டிய குறுகிய வழி. தந்தையார் கிளிஃப் பேலஸை மேலே உள்ள பார்வையிடத்திலிருந்தே நன்றாகக் காணலாம். பூங்கா வாயிலிலிருந்து அங்கே போய்ச் சேரவே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மானுமென்ட் வேலி நவஹோ என்ற பழங்குடி மக்களின் சொந்தப் பூங்கா. தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை அங்கே செல்லாது. கேன்யன் டி ஷேயின் அடிவாரத்தில் இன்றும் நவஹோ குடும்பங்கள் பயிரிட்டு வாழ்கின்றன. ஆகவே அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டியோடுதான் கீழே இறங்கலாம். நவஹோ நிலத்தில் கோடைக்கால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கும் வழக்கம்) கடைப்பிடிக்கப்படுகிறது, அரிசோனாவின் மற்றப் பகுதிகளில் இல்லை. எனவே அங்கிருந்து பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் செல்லும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வையுங்கள்.

கேள்வி: சாக்கோ, மெசா வெர்டே போன்றவற்றைக் கட்டிய மக்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. ஹோப்பி, ஸூனி, ரியோ கிராண்டே ஆற்றோரப் பியூப்லோ மக்கள் ஆகியோர் அவர்களின் வழித்தோன்றல்களே. மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறையை அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் 1929இல் முழுமையாக்கிய பிறகு, 1276 முதல் 1299 வரை அப்பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது தெரியவந்தது. வறட்சியோடு பூசல்களும் சேர்ந்தே அவர்களைத் தெற்கு நோக்கி நகர்த்தியிருக்க வேண்டும். பழைய நூல்களில் அவர்களுக்கு வழங்கும் 'அனசாசி' என்ற பெயர் நவஹோ மொழியில் பகைவரின் முன்னோரைக் குறிப்பதாகப் பொருள்படுவதால், பியூப்லோ மக்கள் அதை விரும்புவதில்லை, நாமும் தவிர்ப்போம்.

கேள்வி: வழியில் கிடக்கும் பானை ஓடு ஒன்றை நினைவாக எடுத்துவரலாமா?

பதில்: கூடவே கூடாது, சட்டப்படியும் குற்றம். ஓடு கிடக்கும் இடம்தான் அதன் வரலாற்றைச் சொல்லும். இடம் மாறினால் அது ஊமையாகிவிடும். பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில் கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்றவர்கள் பலர், பின்னாளில் மனம் வருந்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரியாததால் அவற்றை மீண்டும் காட்டில் வைக்க முடிவதில்லை. பூங்காவின் பணியாளர் பாதையோரம் அவை ஒரு குவியலாகக் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன.