சாமி கண்ணைக் குத்துமா?

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. எனக்கும் கணவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. கூட இருக்கும் மாமியார் தினமும் சாயங்காலம் விளக்கேற்றி, மகளுக்குத் திருநீறு பூசி, தேவாரம் சொல்லித்தருகிறார். எதையும் எடைபோடத் தெரியாத வயதில் இது திணிப்பு இல்லையா? பதினெட்டு வயதில் அவளே முடிவு செய்யட்டுமே.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுசாகப் போட்டால் உங்களுக்குத்தான் சங்கடம். மாமியாரைப் பற்றி மூன்று பக்கம், மகளைப் பற்றி நான்கு வரி. உங்கள் இருவர் வழக்கைக் குழந்தையின் நெற்றியில் வைத்துத் தீர்த்துக்கொள்ளாதீர்கள். அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு, உங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்கு இல்லை. விடுங்கள்.

பதினெட்டு வயதுவரை காதில் விழாமல் வைத்திருக்க முடியுமா? ஸ்கூல் வேனில் ஸ்டீயரிங்குக்கு மேலே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர்ச் சாமியெல்லாம் வரும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோகிறவர்களைப் பார்த்து அவளே கேட்பாள்.

போன வாரம்தான் கடலூரில் கரையேறவிட்டகுப்பத்தில் நின்றிருந்தேன். தேவாரம் பாடிய அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபின் கரையேறிய இடம் என்பார்கள். அவர் கதையை மதமாற்றக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது அக்கா வளர்த்த ஒரு பையனின் கதை. திருவாமூரில் அப்பா அம்மா இறந்தபின் திலகவதியார் வளர்த்தார். பையன் வளர்ந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு, கடலூரில் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் என்ற சமணத் துறவி ஆனான். அப்புறம் சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி வந்து திருவதிகைக்கு, அக்காவிடமே, திரும்பினார். அங்கே பாடிய முதல் பதிகத்தில் ‘சலம் பூவொடு தூபம் மறந்தறியேன்’ என்கிறார். நீரும் பூவும் தூபமும் வைத்து வழிபட மறந்ததே இல்லையாம். மறந்தறியேனா? இத்தனை காலம் சமணராக இருந்தவர் ஐயா அவர்! இதற்குச் சமாதானம் சொல்லும் விளக்கங்கள் உண்டு. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அக்கா பூப்பறிக்கக் கூடப்போன கை மறக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. இதைச் சைவத்துக்கு வக்காலத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் பழகியது அவர் போவதையும் தடுக்கவில்லை, வருவதையும் தடுக்கவில்லை என்கிறேன். இரண்டு தடவையும் அவரே முடிவு செய்தார். உங்கள் மகளுக்கு மட்டும் அது முடியாதா?

தடுப்பது வேறு ஒன்று. எனக்கு ஒன்பது வயது. ஆயா, அதாவது என் பாட்டி, படைக்க வைத்திருந்த கொண்டைக்கடலைச் சுண்டலில், படையலுக்கு முன்பே ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டேன். “சாமி கண்ணைக் குத்திடும்” என்றார் ஆயா. சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். நான் ஒரு மாதம் தினமும் விடிந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தினசரிக் காலண்டரில் தேதி தெரிகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் இடது கண். யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆயாதான் பாடலீஸ்வரர் கோவில் பிராகாரத்தில் மடியில் உட்காரவைத்து எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். பாட்டை விட்டுவிட்டுப் பல வருஷம் ஊர்சுற்றியிருக்கிறேன். அந்தக் கண் பயத்தை அப்படி விட முடியவில்லை. இரண்டு வருஷம் முன்பு புரை எடுக்கப் போனபோது, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். சுண்டல் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். “என்ன சார், கீழ் வரி தெரியுதா?” என்று அதட்டினாள் பரிசோதித்த பெண்.

மாமியாரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணைக் குத்தும் பேச்சு வேண்டாம் என்று. நயமாகச் சொன்னால் கேட்பார். சாமி இருக்கா என்று மகள் கேட்டால் நீங்கள் நினைப்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் நினைப்பதை அவர் சொல்லட்டும்.

அது போகட்டும், எந்தப் பதிகம் சொல்லித்தருகிறார் என்று எழுதவே இல்லையே? ‘ஈன்றாளுமாய்’ என்றால் அது எங்கள் ஊர்ப் பாட்டு. கேட்டு எழுதுங்கள்.