திறன் அடிப்படையில் ஆட்களை நிர்வகிப்பது என்றால் என்ன?

ஒருவரின் பதவிப் பெயரையும் பட்டத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அவருக்கு என்னென்ன செய்ய வரும் என்று பார்த்து வேலையும் பயிற்சியும் பதவி உயர்வும் கொடுப்பதுதான் இது.

பனியன் கம்பெனிகளில் இது புதிதல்ல. ஒரு அட்டவணை போடுவார்கள்: இடப்பக்கம் டெய்லர்களின் பெயர்கள், மேலே ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று மெஷின்கள், கட்டத்துக்குள் யாருக்கு எது எவ்வளவு கைவந்தது என்ற குறி. காலர் வைப்பவர் ஒருநாள் வராவிட்டால் லைனே தேங்கிவிடும். அட்டவணையைப் பார்த்தால், ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் காலர் வைக்க வரும் என்று தெரியும். 'ஓவர்லாக் டெய்லர்' என்ற பெயர் அதைச் சொல்லாது. இந்த முறை தேவைப்படுவதற்குக் காரணமே அதுதான். (புதுப்பிக்காத அட்டவணை, போன வருஷக் காலண்டர் மாதிரி.)

கல்யாணச் சமையலில் மாஸ்டர், "யாருக்கு ஜிலேபி பிழிய வரும்?" என்றுதான் கேட்பார்; சர்வீஸ் எத்தனை வருஷம் என்று கேட்கமாட்டார்.

அப்படியானால் பட்டத்துக்கு மதிப்பில்லையா? அப்படியில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசு 2022-இல் ஆயிரக்கணக்கான தன் வேலைகளுக்கு நான்காண்டுப் பட்டம் கட்டாயமில்லை என்றது. நீக்கியது கட்டாயத்தை, பட்டதாரிகளை அல்ல.